வராத புயலுக்கு வறுத்த அரிசி

பிரிட்டிஷ் மலாயாவில் அவசரகாலத்தின் நான்காம் ஆண்டு, ஆவணி மாதம்.

திங்கட்கிழமை, விடியுமுன்: பெரட்டுக் களத்தில் பெரிய கிராணியாரின் அறிவிப்பு. புதன்கிழமைக்குள் கடும் புயல். பாலம் உடையலாம். இரண்டு நாள் உணவைக் கையில் வைத்துக்கொள்ளும்படி உத்தரவு.

செவ்வாய்க்கிழமை: வெயில். ஆயாக் கொட்டகையில் அரிசி வறுக்கப்பட்டது.

புதன்கிழமை: வெயில். காற்று இல்லை.

வியாழக்கிழமை, முற்பகல்: வெயில். போலீஸ் சோதனை. பிஸ்கட் தகரம் ஒன்று பறிமுதல். ஆயா பாக்கியம் கைது.

பதிவு இவ்வளவுதான். பதிவில் இடம்பெறாதவற்றை இந்த வாரப் பத்தியில் எழுதுகிறேன். பாக்கியம் என் அக்கா. சென்ற மாதம் காலமானார்.

களத்தில் ஓர் அறிவிப்பு

பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து ஒரு வாசகர், அந்தக் காலத்தில் வானிலை அறிக்கை என்று ஒன்று இருந்ததா எனக் கேட்டு எழுதியிருந்தார். இருந்தது. இன்றைக்கு இருப்பதைப் போலவே இருந்தது. அதாவது, சொன்னவருக்கு அதனால் எந்த நட்டமும் இல்லாமல் இருந்தது.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாக்காவில், லூபோக் சீனா என்ற ஊருக்கு அருகில், கடற்கரைச் சாலையிலிருந்து உள்வாங்கி இருந்தது. அவசரகாலச் சட்டம் வந்தபின் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களைப் பெயர்த்து, ஆபீசுக்கு அருகே ஒரே இடத்தில் நிறுத்தி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல். வாசலில் காவல். அரிசி வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்பட்டது. சமைத்த சோறு வாசலைத் தாண்டக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினால், கடைக்காரர் அதில் துளையிட்டுத்தான் கையில் கொடுப்பார். துளையிட்ட டின்னைக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்காகச் சேர்த்து வைக்க முடியாது என்பது அதன் தத்துவம். அரசாங்கம் எறும்புகளுக்குச் செய்த பேருதவி அது.

தினமும் விடியுமுன் பால்வெட்டுத் தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். பேர் கூப்பிடுவார்கள். மரத்தின் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. ஆகவே அந்த நேரத்தில் எல்லா முகமும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பக்தியோடு அல்ல.

அந்தத் திங்கட்கிழமை, பெரிய கிராணியார் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். ஆபீசின் தலைமை எழுத்தர்; யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருந்த வானொலிதான் தோட்டத்தின் ஒரே வானொலி. அது துரையிடம் ஆங்கிலத்தில் பேசும். துரை கிராணியாரிடம் பேசுவார். கிராணியார் எங்களிடம் பேசுவார்.

"எல்லாரும் கேளுங்கோ. ரேடியோவிலை சொல்லியிருக்கினம். புதன்கிழமைக்கிடையிலை பெரிய புயல் வருகுதாம். பாலம் உடைஞ்சால் அரிசி லொறி வராது. ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கையிலை வைச்சிருங்கோ. துரை சொல்லச் சொன்னவர்."

வரிசையிலிருந்து முனியம்மாவின் குரல் எழுந்தது. தோட்டத்தில் அந்தக் குரலுக்கு அஞ்சாதவர் துரை ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

"ஐயா, வாரத்துக்கே அளந்துதான் அரிசி குடுக்கிறீங்க. அதுல எத எடுத்து வைக்கிறது? பசிச்சா சாக்க நக்குறதா?"

"அதை நீங்கள்தான் பாக்கவேணும்" என்றார் கிராணியார். பிறகு பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

தோட்டத்துச் சோதிடர்கள்

வானொலியை மட்டும் குறை கூறினால் நியாயமாகாது. எங்கள் தோட்டத்தில் சொந்தச் சோதிடர்களுக்கும் பஞ்சமில்லை.

தட்டாம்பூச்சி தாழப் பறந்தால் மழை என்பது ஒரு கட்சி. எறும்பு முட்டை சுமந்தால் மழை என்பது இன்னொரு கட்சி. சடையன் என்ற முதியவர் தம்முடைய வலது முழங்காலை நம்பினார். அறிவிப்பைக் கேட்டதும் அவருக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்ல முடியாது.

"நான் நேத்தே சொல்லல? ராவெல்லாம் முட்டி குத்துச்சு. ரேடியோக்காரன் இன்னைக்குத்தான் சொல்றான்."

"ஒங்க முட்டி கள்ளுக்கடை மூடுனாலும் குத்தும், தாத்தா" என்றார் முனியம்மா. "போங்கலா, மர நிரைக்குப் போங்க."

மலாக்கா நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் சுமத்ரா என்றே பெயர். விடியும் நேரத்தில் மேற்கே மை பூசியதுபோல் ஒரு கோடு தெரியும். ரப்பர் இலைகள் சட்டென்று வெள்ளை வயிற்றைக் காட்டித் திரும்பும். மண் வாசனை முதலில் வரும், பிறகு காற்று, பிறகு மரம் முறியும் ஓசை. அடங்கும்போது மரங்களில் கட்டிய பால் மங்குகளெல்லாம் மழைநீரால் நிறைந்திருக்கும். முந்திய ஆண்டு அது எங்கள் பலகைப் பாலத்தை இழுத்துக்கொண்டு போனது. அரிசி லோரி வரவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றே சமாளித்தோம். ஆகவே அறிவிப்பை யாரும் சிரித்துத் தள்ளவில்லை. அதுதான் தவறாகப் போயிற்று.

அக்கா ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுக்குப் போகும் தாய்மார் விடியுமுன் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒரு தூளியை ஆட்டினால் உத்தரம் அதிர்ந்து மற்றவையும் சற்றே ஆடும். அக்காவின் ஒரு கை எப்போதும் ஏதாவது ஒரு தூளிக் கயிற்றில் இருக்கும்.

புயல் வந்தால் தாய்மார் தூரத்து ரப்பர்க் காடுகளில் அகப்பட்டுக்கொள்வார்கள், விறகு நனைந்துவிடும், கஞ்சி காய்ச்ச முடியாது. அக்காவின் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பிடி அரிசி வாங்கினார். இரும்புச் சட்டியில் சிவக்க வறுத்தார். உரலில் இடித்து, சலித்து, ஒரு பிஸ்கட் தகரத்தில் அடைத்தார். பொரியரிசி மாவு பல நாள் கெடாது. சுடுநீரும் சீனியும் இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் லயங்களில் வறுத்த அரிசியின் வாசனை நின்றது. அது வேலியைத் தாண்டி, காவல்காரர்கள் நிற்கும் இடம்வரை போயிருக்கும். காற்று இல்லாத நாளில்கூட வாசனைக்குக் கால் உண்டு.

"எந்தப் புயல்?"

சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறி, தோட்டப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியராக இருந்த காலம் அது. வியாழக்கிழமை முற்பகலில் என்னை வகுப்பிலிருந்து அழைத்தார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது.

இன்ஸ்பெக்டர் இளைஞர். மழை அரிதாகப் பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் பணியாற்றிவிட்டு வந்தவர் என்று சொன்னார்கள். கழுத்து வெயிலில் வெந்து சிவந்திருந்தது. ஆயாக் கொட்டகையின் வாசலில் தகரம் திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு விரலை விட்டு, எடுத்து, முகர்ந்தார். நாவில் வைக்கவில்லை.

"இது என்ன?"

"குழந்தைகளுக்கான மாவு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எங்கிருந்து வந்தது?"

அக்காவிடம் கேட்டேன். அவர் இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றார். "எல்லா வீட்லயும் ஒரு கை வாங்குனேன்" என்றார்.

அது உண்மை. உண்மையைவிட மோசமான பதில் அப்போது வேறு இருந்திருக்க முடியாது. வீடுவீடாகத் திரட்டிய அரிசி; கெடாமல் இருக்க வறுத்தது; சுமக்க எளிதாக இடித்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உணவு அனுப்ப நினைப்பவர் என்ன செய்வாரோ, அதையேதான் அக்கா செய்திருந்தார்.

"ஏன் சேர்த்தாள்?"

"புயல் வரும் என்பதால்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஆவணி வெயிலில் கண் கூசியது. வேலியில் காயப் போட்ட துணிகளில் ஒன்றும் அசையவில்லை.

"எந்தப் புயல்?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்காவின் முகத்தில் கோபம் வரவில்லை; ஒரு வகை அலுப்பு வந்தது.

"அவங்கதான வருதுன்னு சொன்னாங்க? எங்க போச்சின்னு அவங்களையே கேளு, தம்பி."

வானொலியில் அறிவித்தார்கள் என்று நான் இன்ஸ்பெக்டரிடம் கூறினேன். அவருடைய அடுத்த கேள்வியை இன்றுவரை வியக்கிறேன்.

"இவளிடம் வானொலி இருக்கிறதா?"

அதற்குப் பிறகு கொட்டகை முழுவதும் வானொலியைத் தேடினார்கள். தூளிகளைக்கூட விடவில்லை. ஒரு தூளியில் கைவிட்ட காவல்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைத் துடைத்தார். அந்தச் சோதனையில் அகப்பட்ட ஒரே உண்மைப் பொருள் அதுதான்.

பெரிய கிராணியாரை அழைத்து வந்தார்கள். எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஒரு வாக்கியம் போதும்: "நான்தான் சொன்னேன்." அவர் மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார், எங்கும் ஒரு மேகம்கூட அவருக்கு உதவ வரவில்லை.

"கவனமாய் இருங்கோ எண்டுதான் நான் சொன்னனான்" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "சேர்த்து வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?" பிறகு இன்ஸ்பெக்டரிடம் அதையே மிகச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்.

துரை அதற்கும் மேலே போனார். அப்படி ஓர் அறிக்கையைக் கேட்டதாகவே அவருக்கு நினைவில்லை. புயல் வந்திருந்தால் நினைவும் வந்திருக்கும். முன்னறிவிப்பு பலித்தால் அதற்கு ஆயிரம் தகப்பன்மார். பொய்த்தால் அது அநாதை. யார் வீட்டு அரிசியோடு அகப்படுகிறதோ அவர்தான் அதற்குத் தாய்.

அப்போது கைதாகிறவர்களில் பலரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா பிறந்தது லூபோக் சீனாவில். எங்கள் தாய்தந்தையர் போர்க்காலத்திலேயே இறந்துவிட்டார்கள். அங்கே இறங்கினால் அவரை வரவேற்க ஒரு நாய்கூடக் கிடையாது. எனக்கும் இங்கே அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

லோரியில் ஏறுமுன் இடுப்பிலிருந்த குழந்தையை என்னிடம் நீட்டினார்.

"அடுப்புல தண்ணி வச்சிருக்கேன். கொதிச்சா எறக்கிரு. முனியம்மா மவனுக்குச் சூடா குடுத்துராத, நாக்கு பொத்துப் போவும்."

தகரத்தை இன்ஸ்பெக்டரே தூக்கிக்கொண்டு போனார்.

பிள்ளைகளும் பெரட்டுக்கு வந்தார்கள்

மறுநாள் விடியுமுன் நான் களத்தில் நின்றேன். துரையைக் கெஞ்சுவதற்காக ஆங்கில வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவை தேவைப்படவில்லை.

தாய்மார் வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் பால்வெட்டும் உளி, வாளி, இடுப்பில் பிள்ளை. விளக்கொளியில் அந்த வரிசை வழக்கத்தைவிட இருமடங்கு நீண்டு தெரிந்தது.

"இதென்ன கூத்து?" என்றார் கிராணியார்.

"பேரு போட்டுக்குங்க, ஐயா" என்றார் முனியம்மா. "எம்மவனும் இன்னைக்கு வெட்ட வரான்."

"பிள்ளையளைக் கொட்டகையிலை விட்டிட்டுப் போங்கோவன்."

"யாருகிட்ட விடுறது? ஆயாவத்தான் போலீசு மாத்தா புடிச்சிட்டுப் போயிட்டானே. நீங்க பாத்துக்கிறீங்களா? இந்தாங்க, புடிங்க."

பிள்ளையை எடுத்து மேசைமேல் உட்கார வைத்தார். அது கிராணியாரைச் சற்று நேரம் ஆராய்ந்தது. பிறகு தன் கருத்தைத் தெரிவித்தது. பேரேட்டின் மேல் ஈரம் பரவி, அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் சொட்டியது.

"பாருங்க, ஐயா" என்றார் முனியம்மா. "நீங்க சொன்ன மழ வந்துருச்சிலா."

களமே சிரித்தது. சடையன் சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அவசரகாலத்தில் நான் கேட்ட மிகப் பெரிய சிரிப்பு அது. சிரித்தார்களே தவிர ஒருவரும் நகரவில்லை.

பால் விடியற்காலையில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற மரம் வற்றிவிடும். கிழக்கு வெளுக்க வெளுக்க, துரையின் மறதி தெளியத் தொடங்கியது. பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். பெண்களைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீசுக்குள் போய்த் தொலைபேசியைச் சுழற்றினார். வானொலி அறிவிப்பு ஒன்று இருந்ததாகத் தமக்கு இப்போது நினைவு வருகிறது என்று அவர் சொல்வதைச் சன்னல் வழியாகக் கேட்டேன்.

சனிக்கிழமை அரிசி லோரியில் அக்கா திரும்பி வந்தார். புயல் அறிவிக்கப்பட்டதை யாராவது ஒப்புக்கொண்டதால் அல்ல. மரங்கள் காத்திருக்க மாட்டா என்பதால். தகரம் திரும்பி வரவில்லை.

அது வந்த நாள்

அடுத்த வாரத்தில் ஒரு விடியல். தெளிந்த வானிலை என்று முந்திய மாலை வானொலி சொன்னதாகப் பின்னர் அறிந்தேன். தட்டாம்பூச்சிகள் உயரத்தில் பறந்தன. சடையனின் முழங்காலும் ஒன்றும் சொல்லவில்லை.

தாய்மார் மரங்களுக்குப் போய்ச் சேர்ந்த பின்னர், மேற்கே அந்தக் கோடு தெரிந்தது. நான் பள்ளியிலிருந்து ஆயாக் கொட்டகைக்கு ஓடினேன். நான் போய்ச் சேருமுன்பே காற்று சேர்ந்துவிட்டது. தூளிகள் தொங்கிய உத்தரம் முனகியது. அக்காவும் நானும் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கி, நீண்ட மேசைக்கு அடியில் கிடத்தினோம். கூரையின் பாதியைக் காற்று உரித்தெடுத்தது. தகரத் தகடு ஒன்று காகிதம்போல் சுழன்று பெரட்டுக் களத்தில் போய் விழுந்தது.

விறகு நனைந்தது. அடுப்பு அணைந்தது. அக்கா எதை எதிர்பார்த்தாரோ அது அப்படியே நடந்தது. மாவு மட்டும் இல்லை. துளையிட்ட பால் டின்னில் எறும்பு மிதந்தது. குடத்துத் தண்ணீரில் சீனியைக் கரைத்து, அக்கா விரலால் தொட்டு ஒவ்வொரு வாயிலும் வைத்தார். மரங்கள் விழுந்து வழி அடைத்ததால், தாய்மார் உச்சி வேளைக்குப் பிறகே வந்து சேர்ந்தார்கள். அதுவரை அந்த அழுகை ஓயவில்லை. என் வாழ்வில் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் பேசப்பட்ட எதுவும் அந்த அழுகையைப் போல என்னிடம் தங்கவில்லை.

பிள்ளைகள் எல்லாரும் பிழைத்தார்கள். சோதிக்க ஒருவரும் வரவில்லை.

கிழிந்த கூரைக்குக் கீழே, நனைந்த கூந்தலைப் பிழிந்துகொண்டே அக்கா சொன்னார்: "இப்பப் போய்ச் சொல்லு, தம்பி, அந்த வெள்ளக்காரன்கிட்ட. வந்துருச்சின்னு."

புக்கிட் பெருவாங்

அக்காவின் தயவில் நான் படித்தேன், பட்டங்கள் பெற்றேன், ஓய்வும் பெற்றேன். கடைசி ஆண்டுகளில் இருவரும் புக்கிட் பெருவாங்கில் ஒரே வீட்டில் இருந்தோம். சமையலறை அவருடைய ஆட்சி.

அந்த ஆட்சியில் ஒரு சட்டம் இருந்தது. நாளைக்கு என்று ஒரு மணி அரிசிகூட வீட்டில் இருக்கக் கூடாது. தினமும் காலையில் கடைக்குப் போய் அன்றைக்கு மட்டும் வாங்கி வருவார். கடைக்காரர் சீனர். எங்கள் தெருவில் பழகிப் பழகித் தமிழ் பேசுவார்.

"அம்மா, பெரிய சாக்கு வாங்குலா. மலிவு. தினம் தினம் நடந்து கால் வலிக்கும்."

"ஒங் கடை நாளைக்கு ஓடியா போவப்போவுது?" என்பார் அக்கா.

மாலையில் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும்போது உள்ளிருந்து குரல் வரும்.

"என்னவாம்?"

"இடியுடன் கனமழையாம்."

"அப்ப துணியக் காயப் போடலாம்."

அடுத்த வீட்டார் இதை வேடிக்கை என்று நினைத்தார்கள். நானும் அவர்களைத் திருத்தவில்லை.

சென்ற மாதம் அவரைக் கூடத்தில் கிடத்தியபோது, வாய்க்கரிசி போட அரிசி கேட்டார்கள். உறவுப் பெண் ஒருத்தி சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைத் திறந்து திறந்து பார்த்தாள். அன்றைய மதியச் சமையலுக்கு அக்கா வாங்கி வைத்திருந்தது மட்டும் இருந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் அது போதவில்லை. யாரோ கடைக்கு ஓடினார்கள்.

"பாவம், இவ்வளவு கஷ்டத்துலயா இருந்தாங்க?" என்று அவள் என் காதருகே கேட்டாள்.

பதில் சொல்வதென்றால் ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வாய்க்கரிசி போட வரிசை நின்றுகொண்டிருந்தது.

செய்யாமல் விட்டவை

பிஸ்கட் தகரத்தைத் திருப்பித் தரும்படி ஒரு மனு எழுதுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். எழுதவில்லை.

பெரிய கிராணியார் ஓய்வுக்குப் பின் மலாக்கா நகரில்தான் வாழ்ந்து மறைந்தார். பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தேன். கேட்கவில்லை.

அவருடைய மேசையை நனைத்தவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்கா மறைந்த செய்தியை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

கடைக்காரர் துக்கம் கேட்க வந்தபோது பெரிய அரிசிச் சாக்கு ஒன்றை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பிரிக்கவில்லை.

இன்று மாலை இடியுடன் கனமழை என்று அறிவித்திருக்கிறார்கள். கொடியில் அக்காவின் துண்டு கிடக்கிறது. எடுக்கவில்லை.